ஈரக்கரி – 11

"பெரிய டப்பாவுல இட்லி இருக்குது. பொடியத் தனியாக் கட்டியிருக்கறேன். அந்தப் புள்ளைக்குக் குடு," என்றாள் வசந்தாமணி.

கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்த எழிலரசி அப்படியே நின்று அம்மாவைப் பார்த்தாள். மகன் காதலித்துக் கட்டிக்கொண்ட நாகர்கோவில் கிறிஸ்தவப் பெண்ணை வசந்தாமணி ஐந்து வருடமாக 'அவ' என்றுதான் சொல்லிவந்தாள். மகன் போன பிறகு அதுவும் நின்றுவிட்டது. இன்றைக்குத்தான் முதல்முறையாக 'அந்தப் புள்ளை'.

"நீயும் வர்றியாம்மா?"

"நான் வல்ல கண்ணு. அந்த எடத்த என்னால பாக்க முடியாது." வசந்தாமணி டப்பாவைப் பையில் வைத்து இறுக்கிக் கட்டினாள். "கொட்டாங்குச்சியச் சுட்டுக் கரி எடுக்கறதுக்குக் காங்கேயத்துலயே ஆயரம் பேரு இருக்கறாங்க. அதுக்குன்னு இத்தன தூரம் வந்து, இத்தன படிச்சு..."

மேலே சொல்லாமல் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் கேட்டதும் எழில் சட்டென்று வாசலுக்கு நடந்தாள்.

இங்கே கொட்டாங்குச்சி இல்லை, பாதாம் ஓடு. சான்டா கிளாராவில் எழிலுக்கு லேப். மொடெஸ்டோவுக்குப் பக்கத்தில், பாதாம் தோப்புகளுக்கு நடுவில், கம்பெனியின் ஆலை. தோப்புக்காரர்கள் மலைமலையாகக் கொட்டும் ஓட்டைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளை உண்டாக்குவதுதான் அவள் படித்த படிப்பு. மாட்டுப்பண்ணையின் சாணக்குட்டையிலிருந்து வரும் வாயுவைக் கரி நிரப்பிய கோபுரத்துக்குள் அனுப்பினால், கரியமில வாயுவைத் துளைகள் பிடித்துவைத்துக்கொள்ளும். எரிக்கத் தகுந்த மீத்தேன் மட்டும் தப்பித்து வெளியே வரும்.

அப்படி இரண்டு கோபுரங்கள். இரண்டாவது கோபுரத்துக்குள் போன ஆகஸ்டில் முகிலன் செத்துப்போனான். எழிலின் தம்பி. வயது முப்பத்துநான்கு. டெக்சாஸில் நல்ல வேலையில் இருந்தவனை இந்தக் கம்பெனிக்குக் கூப்பிட்டு வந்தவளே அவள்தான்.

விசாரணை அறிக்கை சுருக்கமாக முடிந்திருந்தது. முகிலன் அனுமதிச் சீட்டு இல்லாமல் கோபுரத்துக்குள் நுழைந்தான். உள்ளே ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது. அவனைக் காப்பாற்றப் போன சூப்பர்வைசர் ஷைனும் மயங்கி விழுந்தான். தீயணைப்புப் படை வந்து இருவரையும் வெளியே எடுத்தபோது ஷைனுக்கு உயிர் இருந்தது, முகிலனுக்கு இல்லை.

ஆக்ஸிஜன் எதனால் குறைந்தது என்று அறிக்கை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழில்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏழு மாதமாக அவள் ஷவரில் குளிப்பதில்லை. பக்கெட்டில் பிடித்துவைத்து மொண்டு ஊற்றிக்கொள்கிறாள். ஷவரைத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும். இரும்புக்குள்ளிருந்து யாரோ தட்டுவது போல.

* * *

ஃப்ரீமான்ட்டில் அபார்ட்மென்ட் வாசலிலேயே ஜோவானா காத்திருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா உனக்கு இட்லி குடுத்திருக்காங்க."

"எனக்கா?" டப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். பிறகு மூடியைத் திறந்து, பொடியைத் தொடாமல், ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து மெதுவாகத் தின்றாள்.

ஜோவானா ஒரு ஆஸ்பத்திரியில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். ஐ.சி.யு.வில் மூச்சுவிட முடியாதவர்களுக்கு வென்டிலேட்டர் பொருத்தி, அவர்கள் மூச்சைக் கணக்கெடுத்துக்கொண்டு நிற்பது அவள் தொழில். புருஷன் செத்த பதினைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சனங்கள் ஒரு மாதிரியாகப் பேசினார்கள்.

"இன்னைக்கு என்ன பண்ணப் போறீங்க, அண்ணி? போன்ல சரியாப் புரியல."

"ரெண்டாவது டவர் அடுத்த வாரம் ரீஸ்டார்ட் பண்றாங்க. அன்னைக்கு அதுக்குள்ள இருந்த கரிய எடுத்து இருபத்திரண்டு மூட்டையா ஷெட்ல போட்டிருக்கு. யாரும் அதத் தொடல. இன்னைக்குச் சூளையில போட்டுச் சூடு பண்ணி மறுபடி யூஸ் பண்ணலாம்னு மேனேஜ்மென்ட் சொல்லுது. என் கையெழுத்து வேணும்."

"சூடு பண்ணா என்ன ஆகும்?"

"அது புடிச்சு வெச்சிருக்கறதெல்லாம் வெளிய போயிடும்."

580 நெடுஞ்சாலையில் கார் ஏறிக்கொண்டிருந்தது. ஆல்டமான்ட் கணவாயில் மலை முழுக்கக் காற்றாலைகள். சில சுற்றின, சில சும்மா நின்றன.

"அண்ணி, நாம வெளிய விடற மூச்சுலயும் கார்பன் டை ஆக்ஸைடுதான இருக்கு?"

"ம்."

"அப்ப முகில் கடைசியா விட்ட மூச்சு..." ஜோவானா டப்பாவை மூடினாள். "அந்த மூட்டைக்குள்ள இருக்குமா?"

எழில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. லேபில் ஒவ்வொரு முறை கரியை எடை போடும்போதும் அது அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. ஆனால் வேறொருவர் வாயால் கேட்டதில்லை.

"ஏழு மாசம் ஆச்சு. மூட்டைக்குள்ள காத்து போயிட்டுப் போயிட்டு வந்திருக்கும். எல்லாம் மாறிப்போயிருக்கும், ஜோவானா."

"கொஞ்சம்கூடவா இருக்காது?"

பொய் சொல்லலாமா என்று எழில் யோசித்தாள். எந்தப் பக்கம் சொன்னால் பொய் என்பதே பிடிபடவில்லை.

"ரொம்பக் குறுகலான துளையில ஏதாவது ஒட்டிட்டு இருக்கலாம். அது யாரோட மூச்சுன்னு எந்த மெஷினாலயும் சொல்ல முடியாது."

ஜோவானா தலையை ஆட்டினாள். மொடெஸ்டோ வந்தது. சாலையின் இருபுறமும் பாதாம் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன.

* * *

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் அந்தச் சத்தம்தான் வந்தது.

கோபுரங்கள் இரண்டும் மாறி மாறி வேலை செய்ய வேண்டியவை. ஒன்று வாயுவை உள்ளே இழுக்கும்போது மற்றது பிடித்ததை வெளியே விடும். ஏழு மாதமாக முதல் கோபுரம் மட்டும் தனியாக இழுத்து, தனியாக விட்டுக்கொண்டிருந்தது. நீண்ட அமைதி. பிறகு 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு.

ஜோவானா நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த மூச்சு வரும்வரை காத்திருந்தாள்.

"நாலு நிமிஷம்," என்றாள். "எங்க ஐ.சி.யு.வுல இப்படி ஒருத்தர் மூச்சு விட்டா எல்லாரும் ஓடி வருவோம்."

இரண்டாவது கோபுரத்தைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். இடுப்பு உயரத்தில் வட்டமான இரும்புக் கதவு. ஒரு ஆள் குனிந்து நுழையத்தான் இடம். ஜோவானா அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். எழில் நாலடி தள்ளியே நின்றாள். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அதற்குமேல் அவள் போனதில்லை.

ஷெட்டில் ஷைன் மூட்டைகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். மார்த்தாண்டத்துக்காரன். முகிலனையும் ஜோவானாவையும் அறிமுகம் செய்துவைத்ததே அவன்தான். ஃப்ரீமான்ட் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் கிடார் வாசிப்பான். சாவுக்குப் பிறகு சபைப் பக்கம் வருவதில்லை. மனசு உடைந்துபோயிருக்கிறான் என்று எல்லாரும் அவனை விட்டுவிட்டார்கள். அவனுடைய துணிச்சலைப் பாராட்டிக் கம்பெனி கொடுத்த பலகை பிரேக் ரூம் சுவரில் தொங்கியது.

"வாங்க அக்கா," என்றான் எழிலிடம். ஜோவானாவைப் பார்த்து வெறுமனே தலையசைத்தான்.

மூட்டைகள் ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஜோவானா ஒன்றின் வாய்க் கயிற்றை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அப்படியே நின்றாள். கை வெளியே வந்தபோது கறுப்பாக இருந்தது. அதைத் துடைக்காமல் மற்றக் கையால் துணிப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள்.

"ஷைன் அண்ணா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இது ஃபயர் டிபார்ட்மென்ட் எழுதின ரிப்போர்ட். கம்பெனி ரிப்போர்ட் இல்ல. நான் தனியா எழுதிக் கேட்டு வாங்கினேன். இதுல ஒரு லைன் இருக்கு. ஏர் ஹோஸ் உள்ள கிடந்துச்சு, வால்வு திறந்திருந்துச்சு, உங்க முகத்துக்கு நேரா இருந்துச்சுன்னு."

ஷைன் லேபிள் சுருளைக் கீழே வைத்தான்.

"நான் தினம் செய்யற வேலை அது அண்ணா. மூச்சு இல்லாதவங்க முகத்துலதான் காத்த வெப்போம். காப்பாத்தப் போனது நீங்கன்னா, ஹோஸ் முகில் முகத்துலதான இருக்கணும்? உங்க முகத்துல யாரு வெச்சா?"

வெளியே கோபுரம் பெருமூச்சு விட்டது.

ஷைன் நின்ற இடத்திலேயே சரிந்து, மூட்டையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

"அவன் வெச்சான்," என்றான்.

எழிலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது ஷெட்டின் தகரக்கூரை தலைமேல் இறங்கியது போலிருந்தது.

"டெம்பரேச்சர் சென்சார் ரீடிங் காட்டல. கதவத் தொறந்து பாத்தேன். கொஞ்ச தூரத்துலயே சாஞ்சு கிடந்துச்சு. ஒரு நிமிஷ வேலைதானேன்னு ஆக்ஸிஜன் மீட்டர் வெச்சுப் பாக்காம உள்ள தவழ்ந்து போனேன். மூணு மூச்சு இழுத்திருப்பேன். அப்புறம் ஒண்ணும் தெரியல." ஷைன் தன் கைகளையே பார்த்துப் பேசினான். "அன்னைக்கு அவனுக்கு லீவு. லேப்டாப்ப மறந்துட்டுப் போயிட்டான்னு எடுக்க வந்திருக்கான். கதவு வழியா என் காலு மட்டும் தெரிஞ்சிருக்கும். பக்கத்துல இருந்த ஏர் ஹோஸ இழுத்துட்டு உள்ள வந்திருக்கான்."

"அப்புறம்?" என்றாள் ஜோவானா. குரலில் எதுவும் இல்லை.

"எனக்கு முழிப்பு வந்தப்ப முகத்துல காத்து அடிச்சுது. யாரோ என் தலைய வாசல் பக்கமாத் தள்ளிட்டு இருந்தாங்க. 'இழுடா, மூச்ச இழுடா ஷைன்'னு அவன் சத்தம். ரெண்டு தடவ கேட்டுது. மூணாவது தடவ கேக்கல."

"ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சேன். மேனேஜர் பக்கத்துல நின்னு, உன்னால முடிஞ்சத நீ பண்ணிட்ட, அவனக் காப்பாத்த உயிரையே பணயம் வெச்சவன் நீன்னாரு. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தேன் ஜோவானா. சத்தியமாத் தொறந்தேன். என் ஒய்ஃப் ஜாய் பக்கத்துல அழுதுட்டு நின்னா. மறுநாள் சொல்லலாம்னு விட்டேன். மறுநாள் நீ வந்து என் கையப் புடிச்சு தேங்க்ஸ் சொன்ன." அவன் முகத்தை மூடிக்கொண்டான். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

எழில் கவனித்தாள். அவன் ஒன்றை விட்டுவிட்டான். சென்சார் எதனால் சாய்ந்தது, உள்ளே காற்று எதனால் கெட்டது, அது எதையும் சொல்லவில்லை. கையை முகத்திலிருந்து எடுத்தபோது ஒரு நொடி அவளைப் பார்த்தான். உடனே பார்வையை விலக்கினான்.

அவளைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறான். ஏழு மாதமாக விட்டிருக்கிறான். இப்போதும் பேசாமல் இருந்துவிடலாம். எல்லாப் பழியும் இவன் தலையோடு போய்விடும்.

அவள் கால்கள் வாசல் பக்கம் திரும்பின. வாய் மட்டும் வேறு விதமாகத் திறந்தது.

"தண்ணி அடிக்கச் சொன்னது நான்."

ஜோவானா திரும்பினாள்.

"அன்னைக்குக் காலைல ரெண்டாவது டவர் ஹீட் ஆகிட்டு இருந்துச்சு. லேப்ல என் ஸ்கிரீன்ல பாத்தேன். ஷைனுக்கு போன் பண்ணி, மேலேருந்து தண்ணி ஸ்ப்ரே பண்ணுன்னு சொன்னேன். அந்த வேகத்துலதான் சென்சார் சாஞ்சிருக்கும். ஈரமான கரி மூடின இடத்துல இருந்தா சுத்தி இருக்கற ஆக்ஸிஜன அதுவே தின்னுடும். எனக்குத் தெரியும். பி.ஹெச்டி. படிக்கறப்ப சேஃப்டி கிளாஸ்ல நானே பாடம் எடுத்திருக்கேன்." அவள் தரையில் கிடந்த லேபிள் சுருளைப் பார்த்தாள். "மீட்டிங்குக்கு லேட் ஆச்சு. கதவத் தொறக்காத, உள்ள போகாதன்னு சொல்லாம போன வெச்சுட்டேன். அஞ்சு செகண்டு ஆகியிருக்கும் சொல்ல."

ஜோவானா கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஃப்யூனரல் ஹோம்ல," ஜோவானா மெதுவாகத் தொடங்கினாள், "இந்தக் கைய நீங்க புடிச்சுட்டு நின்னீங்க அண்ணி. அந்தக் கைய இவரு புடிச்சுட்டு நின்னாரு. நடுவுல நான். ரூல்ஸ மதிக்காம உள்ள போயிட்டானேன்னு முகில் மேல கோவமா நின்னேன். ஏழு மாசம் அவன் மேல கோவமா இருந்தேன். தினம் சாயங்காலம் அவன் போட்டோகிட்ட சண்டை போட்டேன். உங்களுக்குத் தெரியுமா அது?"

"ஜோவானா..."

"தொடாதீங்க."

அவள் வெளியே போனாள். ஷெட் வாசல் வழியாக எழிலுக்கு அவள் முதுகு தெரிந்தது. இரண்டாவது கோபுரத்தின் முன்னால் போய், அந்த வட்டக் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை. முதல் கோபுரம் ஐந்து முறை மூச்சு விட்டது. எழில் எண்ணினாள்.

திரும்பி வந்தபோது ஜோவானாவின் நெற்றியில் வெள்ளை பெயின்ட் தூள் ஒட்டியிருந்தது. குரல் ஆஸ்பத்திரிக் குரலாகியிருந்தது.

"ரெண்டு பேரும் எழுதுங்க. இப்பவே. நடந்தது நடந்தபடி. தேதி, டைம், கையெழுத்து. முகில் பேர்ல இருக்கற அந்த வரிய எடுக்கணும்."

"என் கிரீன் கார்டு கம்பெனி பேர்லதான் பெண்டிங்ல இருக்கு," என்றான் ஷைன். கெஞ்சலாக இல்லை, தகவலாகச் சொன்னான். பிறகு எழுந்து பிரேக் ரூமுக்கு நடந்தான்.

அந்தப் பலகைக்குக் கீழே மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து எழுதினார்கள். ஷைன் ஒரு பக்கம். எழில் மூன்று பக்கம். ஜோவானா நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் மட்டும் விரல் வைத்தாள்.

"'எதிர்பாராத விதமாக'ன்னு எழுதியிருக்கீங்க அண்ணி. உங்களுக்குத் தெரியும்னு சொன்னீங்களே."

எழில் அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தாள்.

சூளைக்காரர் எட்டிப் பார்த்தார். மூட்டைகளை ஏற்றலாமா, வேண்டாமா? விசாரணைக்காரர்கள் வேண்டிய சாம்பிளை ஆகஸ்டிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தடை ஒன்றும் இல்லை. ஆனால் எழில் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜோவானாவைப் பார்த்தாள்.

"ஏத்தச் சொல்லுங்க," என்றாள் ஜோவானா. "யாரோட மூச்சா இருந்தா என்ன. ஏழு மாசம் உள்ள கிடந்தது போதும்."

சூளை சூடேற இரண்டு மணி நேரம் பிடித்தது. மதிய வெயிலில் ஜோவானா ஒரு இரும்பு ஸ்டூலை இழுத்துப்போட்டு புகைபோக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் நீராவி மெலிசாக வந்தது. பிறகு கெட்டியாக, வெள்ளையாக. காற்று அதைத் தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு நிறைய இழுத்து, நெடுநேரம் பிடித்துவைத்து, விட்டாள். எழில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போகும் உரிமை தனக்கு இனி இருக்கிறதா என்று தெரியவில்லை.

* * *

திரும்பும் வழியில், டிரேசி ஊரைத் தாண்டியதும் ஜோவானா வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அத்தைகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"உங்க பங்க நீங்க சொல்லுங்க. ஷைன் அண்ணாவோடத அவரே வந்து சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். சரின்னாரு. நானும் வருவேன்."

"நம்ம வீட்டுக்கா?"

"ஆமா. அத்தை வந்த பிறகு நான் அந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்ததில்ல. அத்தை வேண்டாம்னு சொன்னாலும் வருவேன்."

எழில் காரின் ஸ்பீக்கரில் வீட்டுக்குப் போன் போட்டாள். இரண்டாவது ரிங்கிலேயே வசந்தாமணி எடுத்துவிட்டாள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

"சாப்புட்டீங்களா ரெண்டு பேரும்?"

"சாப்பிட்டோம்மா. அம்மா, ஞாயித்துக்கிழமை ஜோவானா வீட்டுக்கு வர்றா." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஷைனும் வர்றான்."

எழில் காத்திருந்தாள். ஜோவானா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நெசமாலுமா அம்மிணி?" வசந்தாமணியின் குரல் உடைந்திருந்தது. "அந்தப் பையன ஒருக்காவாச்சும் கண்ணுல பாக்கோணும்னு எத்தன நாளா நெனச்சுட்டு இருக்கறேன். காரியமெல்லாம் முடிஞ்சு ஊர்லருந்து வந்து எறங்குன நாள்லருந்து அவனுக்கும் சேத்தித்தான் வெளக்கு ஏத்தறேன். எம் மவனுக்காவ உசுரக் குடுக்கப் போன புள்ள அது." மூக்கை உறிஞ்சும் சத்தம் காருக்குள் பெரிதாகக் கேட்டது. "அவனுக்கு என்ன புடிக்கும்னு கேட்டு வெய்யி கண்ணு. என் கையாலேயே ஆக்கிப் போடோணும்."